உங்களுக்குத் தெரியுமா? கீமோ வாந்தியும் கஞ்சாச் சத்தும்

கஞ்சா என்றதும் நம் செய்தித்தாள்களில் வருவது பொட்டலம், பறிமுதல், கைது. மருத்துவ இதழ்களில் அதே செடியின் மேல் அரை நூற்றாண்டாக வேறொரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொள்பவர்களின் குமட்டலையும் வாந்தியையும் அது நிறுத்துமா? நிறுத்தும் என்பவர்களும் ஏமாற்று என்பவர்களும் ஆளுக்கொரு ஆய்வைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இரு தரப்பும் கேட்க மறப்பது ஒன்றுதான்: எதைவிட நன்றாக நிறுத்தும்? அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

●

விரைப் புற்றுநோயைக் குணப்படுத்தக்கூடிய நோயாக மாற்றிய மருந்து சிஸ்பிளாட்டின். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1978இல் அதற்கு அனுமதி கொடுத்தது. வாந்தி வரவைப்பதிலும் அதற்குத்தான் முதலிடம். தடுப்பு மருந்து இல்லாமல் ஏற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள்.

கீமோ வாந்தியில் மூன்று வகை உண்டு. மருந்து ஏறிய 24 மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. இரண்டாம் நாளில் தொடங்கி ஐந்தாம் நாள் வரை இழுத்தடிப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் விசித்திரம்: ஊசி போடுவதற்கு முன்பே வந்துவிடும். முந்தைய கீமோ சைக்கிளில் பட்ட பாட்டை உடம்பு மறக்காது. டே கேர் வார்டுக்குள் நுழைந்து ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதுமே ஓங்கரிக்கும். வழக்கமான வாந்தி மாத்திரைகள் இந்த மூன்றாவது வகையிடம் பெரும்பாலும் தோற்றுப்போகும்.

●

ஹார்வர்டு மனநல மருத்துவர் லெஸ்டர் கிரின்ஸ்பூன் 1971இல் கஞ்சாவைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். அவருடைய மகனுக்குச் சிறு வயதிலேயே ரத்தப் புற்றுநோய். கீமோ நாளன்று வீட்டுக்கு வந்தால் பையன் கட்டிலில் படுத்து, தலையைத் தொங்கப்போட்டுப் பக்கத்தில் இருக்கும் வாளியில் மணிக்கணக்காக எடுத்துக்கொண்டே இருப்பான்.

1972இல் ஒரு விருந்தில் கிரின்ஸ்பூனும் மனைவியும் புற்றுநோய் மருத்துவர் எமில் ஃப்ரையைச் சந்தித்தார்கள். ஹூஸ்டனில் தன்னிடம் வந்த ஓர் இளைஞன் சிகிச்சைக்கு முன் கஞ்சா புகைத்துவிட்டு வாந்தியில்லாமல் சமாளித்ததை ஃப்ரை பேச்சுவாக்கில் சொன்னார். கிரின்ஸ்பூனின் மனைவி அதைப் பிடித்துக்கொண்டார். கணவரோ, சட்ட விரோதம், நமக்காகப் பாடுபடும் டாக்டர்களுக்குச் சங்கடம் என்று தடுத்தார். அடுத்த முறை அம்மா கணவரிடம் கேட்கவில்லை. மகனின் பள்ளித் தோழன் மூலம் கொஞ்சம் வாங்கி, மருத்துவமனையில் வண்டி நிறுத்தும் இடத்திலேயே மகனைப் புகைக்க வைத்தார். அன்று வாந்தி வரவில்லை. திரும்பும் வழியில் பையன் சாண்ட்விச் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

புத்தகம் எழுதியவர் தயங்க, அம்மா துணிந்திருக்கிறார். கிரின்ஸ்பூன் மறுநாளே மகனின் மருத்துவரிடமும் ஃப்ரையிடமும் பேசினார். ஆய்வு அங்கிருந்துதான் புறப்பட்டது.

●

அந்த ஆய்வு 1975இல் வெளிவந்தது. பாஸ்டனின் சிட்னி ஃபார்பர் புற்றுநோய் மையத்தில் ஸ்டீபன் சாலன், நார்மன் ஜின்பெர்க், எமில் ஃப்ரை மூவரும் 22 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். கஞ்சாவின் போதைச் சத்தான டெல்டா-9 டி.எச்.சி. ஒரு முறை, சத்தில்லாத வெற்று மாத்திரை ஒரு முறை. எது எப்போது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. டி.எச்.சி. கொடுத்த 20 சுற்றுகளில் 14இல் பலன் இருந்தது. வெற்று மாத்திரை கொடுத்த 22 சுற்றுகளில் ஒன்றில்கூட இல்லை.

போதை ஏறியிருந்த நேரத்தில் ஒருவர்கூட வாந்தி எடுக்கவில்லை என்றும் குறித்திருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. போதை தெரிந்துவிட்டால், தான் விழுங்கியது எது என்பதும் நோயாளிக்குத் தெரிந்துவிடுகிறதே! கண்ணைக் கட்டி ஆடும் ஆட்டத்தில் கட்டு பாதி அவிழ்ந்துவிட்ட கதைதான். கஞ்சாச் சத்தைச் சோதித்த ஆய்வுகளில் பலவும் இன்றுவரை இந்தச் சிக்கலிலிருந்து முழுசாகத் தப்பியதில்லை.

●

அந்த டி.எச்.சி.யைத் தூய வடிவில் முதலில் பிரித்தெடுத்தவர்கள் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும். ஆண்டு 1964. ஆராய்ச்சிக்கான ஹஷீஷ் எங்கிருந்து வந்தது தெரியுமா? போலீஸ் ஸ்டேஷனிலிருந்து. லெபனானிலிருந்து கடத்தி வந்தபோது பிடிபட்ட சரக்கில் 5 கிலோவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மெக்கூலம் பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இது என்ன வாசனை என்று கேட்டார்களாம். சுகாதார அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் வாங்கியதும் தப்பு, கொடுத்ததும் தப்பு என்பது பிறகுதான் தெரியவந்தது. மன்னிப்புக் கேட்டதோடு விஷயம் முடிந்தது. மெக்கூலம் 2023இல் காலமானார்.

●

வாந்தி வயிற்றிலிருந்து வருகிறது என்பது பாதி உண்மைதான். கீமோ மருந்து பட்டதும் குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் செரட்டோனினைக் கொட்டும். அது வேகஸ் நரம்பைத் தூண்டும். அந்தத் தகவல் மூளைத்தண்டில் இருக்கும் வாந்தி மையங்களுக்குப் போகும். அங்கே ஏரியா போஸ்ட்ரீமா என்று ஒரு பகுதி. மூளையின் பெரும்பாலான இடங்களுக்கு ரத்தத்திலிருந்து நச்சு புகாதபடி வேலி இருக்கிறது. இங்கே வேலி தளர்ந்திருக்கும். ரத்தத்தில் விஷம் வந்தால் முதலில் மோப்பம் பிடித்து, வெளியே தள்ளு என்று உத்தரவு போடுவதற்காகவே அப்படி. கீமோவும் ஒருவகை விஷம்தானே!

இந்த மையங்களில் சி.பி.1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. கஞ்சாச் சத்து வந்து உட்காருவது அவற்றில்தான். உட்கார்ந்ததும் நரம்பு முனைகள் தகவல் அனுப்பும் வேகம் குறையும், குமட்டல் தணியும். இந்த வகை ஏற்பி மூளையில் இருப்பதை 1988இல் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஆலின் ஹவ்லெட், வில்லியம் டிவேன். அதில் உட்காருவதற்கென்று உடம்பே தயாரிக்கும் பொருள் 1992இல் சிக்கியது. அதற்குச் சூட்டிய பெயர் ஆனந்தமைடு.

இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். ரிமோனபன்ட் என்று ஓர் உடல் எடைக் குறைப்பு மருந்து 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அதன் வேலை சி.பி.1 ஏற்பியை அடைப்பது. அடைத்தால் என்ன ஆகும்? அதைச் சாப்பிட்டவர்களிடம் அதிகம் காணப்பட்ட பக்கவிளைவுகளில் ஒன்று குமட்டல். மனச்சோர்வும் சேர்ந்துகொண்டதால் 2008இல் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

●

தூக்க மருந்தோ மார்ஃபினோ அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். கஞ்சாச் சத்து அளவு மீறினால் பயம், பிரமை, தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். மூச்சு மட்டும் அப்படி நிற்பதில்லை. சுவாசத்தை ஆளும் மூளைத்தண்டுப் பகுதியில் சி.பி.1 ஏற்பிகள் மிகக் குறைவு என்பதே காரணம்.

●

எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது! ஆய்வுக்கூடங்களில் முக்கால்வாசி வேலை எலியை வைத்துத்தான் நடக்கிறது. அதற்கு வாந்தியே வராது என்றால் வாந்தி மருந்தை எதில் சோதிப்பது? நாயிலும் ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணியிலும் சோதித்துப் பார்த்தார்கள். 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கைக்கடக்கமான ஒரு விலங்கைக் கண்டுபிடித்தார்கள். அறிவியல் பெயர் சன்கஸ் முரினஸ். வேறொன்றுமில்லை, நம் வீட்டு மூலையில் கீச் கீச்சென்று ஓடும் மூஞ்சூறுதான்.

மூஞ்சூறு எலி இனமே இல்லை. அது பூச்சி தின்னும் வேறு குலம். அதனால்தான் அதற்கு வாந்தி வருகிறது. கனடாவின் லிண்டா பார்க்கர் குழு மெக்கூலத்தோடு சேர்ந்து 2004இல் சிஸ்பிளாட்டின் போட்ட மூஞ்சூறுகளுக்குக் கஞ்சாச் சத்துகளைக் கொடுத்துப் பார்த்தது. டி.எச்.சி. வாந்தியைக் குறைத்தது. போதை தராத இன்னொரு சத்தான சி.பி.டி. செய்ததுதான் வேடிக்கை. கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுத்தால் வாந்தி குறைந்தது. 40 மில்லிகிராம் கொடுத்தால் கூடியது. 'இயற்கைதானே, இன்னும் நாலு சொட்டு விட்டால் என்ன' என்று கேட்பவர்களுக்கு மூஞ்சூறின் பதில் இது.

எலியையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வாந்தி வராவிட்டாலும் அதற்குக் குமட்டும். குமட்டினால் வெள்ளைக் களிமண்ணைத் தேடித் தின்னும். எத்தனை கிராம் மண் தின்றது என்று எடைபோட்டு எலியின் குமட்டலை அளக்கிறார்கள்.

●

அமெரிக்கா 1985 மே மாதம் அனுமதித்த மாரினால் கேப்சூலில் இருப்பது செடியிலிருந்து எடுத்த சத்து அல்ல. ரசாயனக் கூடத்தில் செய்த டி.எச்.சி.; மருத்துவப் பெயர் ட்ரொனாபினால். அது தண்ணீரில் கரையாது. எண்ணெயில்தான் கரையும். எந்த எண்ணெய்? எள் எண்ணெய், அதாவது நல்லெண்ணெய்! எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தக் கேப்சூலைத் தொடக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

விழுங்கினால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும். உச்சத்துக்குப் போக 2 முதல் 4 மணி நேரம். கல்லீரல் வழியிலேயே பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவதால், விழுங்கியதில் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்த ஓட்டத்துக்குப் போய்ச் சேரும். அதனால்தான் கீமோவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பே கொடுக்கச் சொல்கிறார்கள். வாந்தி தொடங்கிவிட்ட பிறகு விழுங்கும் மாத்திரையால் என்ன பயன்? அது உள்ளே தங்கினால்தானே!

●

அதே 1985. இந்திய நாடாளுமன்றம் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 14 முதல் அமலுக்கு வந்தது. அங்கே மருந்துச் சீட்டில் ஏறிய ஆண்டில்தான் இங்கே சட்டப் பிடி இறுகியது. சட்டத்தின் விளக்கத்தைப் படித்தால் ஒரு நுணுக்கம் தெரியும். கஞ்சா என்று அது சொல்வது செடியின் பூ, காய் வரும் நுனியையும் பிசினையும்தான். நுனி சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள் வராது. மருத்துவ, அறிவியல் தேவைக்கு உரிமத்தோடு பயன்படுத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப் பொருள் ஆணையத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து எடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 27க்கு 25 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் உண்டு.

●

நாபிலோன் என்பது டி.எச்.சி.யைப் போலவே வடிவமைத்த இன்னொரு செயற்கை மருந்து. தயாரித்தது எலி லில்லி நிறுவனம். 1970களின் இறுதியில் அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்துச் சோதித்தபோது நாய்களுக்கு வலிப்பு வந்து சில செத்தும் போயின. மனிதர்கள் மீதான சோதனை அதனால் தடைபட்டது. அந்த மருந்தை நாயின் உடம்பு சிதைக்கும் விதம் வேறு, மனித உடம்பு சிதைக்கும் விதம் வேறு என்று பிறகு விளக்கம் வந்தது.

1979இல் வெளியான ஆய்வு ஒன்றில் நாபிலோனை அன்றைய வழக்கமான வாந்தி மருந்தான புரோகுளோர்பெரசினோடு மோதவிட்டார்கள். நம் ஊர் மருந்துக் கடைகளில் ஸ்டெமெட்டில் என்று கேட்டு வாங்குவது அதைத்தான். 113 பேரில் நாபிலோனுக்குப் பலன் கண்டவர்கள் 80 சதவீதம், மற்றதற்கு 32 சதவீதம். கேட்க அமோகம். ஆனால் வாந்தி, குமட்டல் இரண்டும் அறவே இல்லாமல் போனவர்கள் 9 பேர்தான். குழுவில் இருந்த லாரன்ஸ் ஐன்ஹார்ன்தான் சிஸ்பிளாட்டினைக் கொண்டு விரைப் புற்றுநோய் சிகிச்சையையே மாற்றிக் காட்டியவர். வாந்தியின் கொடுமையை அவரைவிட அதிகம் பார்த்த மருத்துவர் அன்று யார் இருந்திருப்பார்?

●

ரத்தத்தில் எவ்வளவு டி.எச்.சி. இருந்தால் வாந்தி அடங்கும் என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1979இல் ஆல்ஃபிரட் சாங் குழு எலும்புப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றிக்கொண்ட 15 பேரைக் கவனித்தது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் 44 சதவீதம், 10க்கு மேலே போனால் வெறும் 6 சதவீதம் என்று குமட்டலும் வாந்தியும் இறங்கின. 15 பேரில் 14 பேருக்குப் பலன். அதே குழு 1981இல் வேறு கீமோ மருந்துகள் ஏற்றிக்கொண்டவர்களிடம் திரும்பவும் முயன்றது. பலன் இல்லை! கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதல் ஆய்வைச் சொல்வார்கள், இரண்டாவதைச் சொல்ல மாட்டார்கள்.

●

இளைஞர்களுக்குச் சரி, பெரியவர்களுக்கு? 1979இல் மேயோ கிளினிக் 116 நோயாளிகளைச் சோதித்தது. அவர்களின் நடு வயது 61. டி.எச்.சி.யும் புரோகுளோர்பெரசினும் வாந்தியைத் தடுத்ததில் சமம். ஆனால் டி.எச்.சி. எடுத்தவர்களில் பலருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் தாங்கவில்லை. இருபது வயதுக்காரர் கிறக்கம் என்று சொல்லிச் சிரிப்பதை அறுபது வயதுக்காரர் 'தலை கிர்ருங்குது, கட்டிலைப் பிடிச்சுக்கோ' என்றுதான் சொல்வார். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வாந்தியே தேவலை என்று ஆகிவிடும்.

●

குழந்தைகளிடமும் முயன்றிருக்கிறார்கள். 1995இல் எருசலேமில் ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற்ற 8 குழந்தைகளுக்கு, போதை குறைந்த டெல்டா-8 டி.எச்.சி.யை எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார்கள். கீமோவுக்கு 2 மணி நேரம் முன்பு ஒரு வேளை, பிறகு 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஒரு நாள் முழுக்க. மொத்தம் 480 தடவை கொடுத்ததில் வாந்தி முழுவதுமாக நின்றது, பக்கவிளைவும் பொருட்படுத்தும்படி இல்லை என்று எழுதினார்கள். வெற்று எண்ணெயோடு ஒப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. யாருக்கு மருந்து போகிறது என்பது கொஞ்ச நாளிலேயே டாக்டருக்குப் புரிந்துபோனதால், மற்றக் குழந்தைகளை வாந்தி எடுக்க விடுவது நியாயமில்லை என்று ஒப்பீட்டைக் கைவிட்டார்கள். மனிதாபிமானம் அது. ஆனால் எட்டுக் குழந்தைகள், ஒப்பீடு இல்லை என்பதால் மருத்துவ உலகம் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

●

டாக்டரே சட்டத்தை மீறச் சொன்னால்? 1990இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக் கணிப்பு எடுத்தார்கள். பதில் அனுப்பிய 1,035 பேரில் 44 சதவீதத்துக்கு மேல் ஒரு நோயாளியிடமாவது கஞ்சா புகைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அன்று அது அங்கே குற்றம்.

அதற்கு முன்பே 1978இல் நியூ மெக்சிகோ மாநிலம், கீமோ நோயாளிகளுக்குக் கஞ்சா கொடுத்துப் பார்க்கத் தனிச் சட்டமே இயற்றியிருந்தது. சிகரெட்டாகச் சுருட்டிக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? மத்திய அரசு. 1968 முதல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அரசுக் காவலோடு ஒரு கஞ்சாத் தோட்டம் இருக்கிறது.

●

பரிணாமவியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் மீசோதீலியோமா என்ற அரிய வயிற்றுப் புற்றுநோய். அந்த நோய்க்காரர்களில் பாதிப் பேர் எட்டு மாதம்கூடத் தாண்டுவதில்லை என்றது புள்ளிவிவரம். கீமோவின் குமட்டலுக்கு எந்த மருந்தும் கேட்காமல் கடைசியில் கஞ்சாவுக்கு வந்தார். அவருக்கோ மூளையை மந்தமாக்கும் எதுவும் பிடிக்காது, சிந்திப்பதுதானே தொழில்! பிடிக்காமல் புகைத்தார், குமட்டல் அடங்கியது, சிகிச்சையை முடித்தார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் எழுதிக் குவித்தார். அவரைக் காப்பாற்றியது கஞ்சா இல்லை, அறுவையும் கீமோவும்தான். ஆனால் பாதியில் ஓடிவிடாமல் அந்தக் கீமோவை அவரால் தாங்க முடிந்ததில் அதற்கும் பங்குண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

●

கதை திரும்பிய இடம் 1991. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஒன்டான்செட்ரான் அனுமதி பெற்றது. நம் ஊர் கீமோ வார்டுகளில் 'எமிசெட் போட்டாச்சா?' என்று கேட்பார்களே, அதே மருந்து. குடலிலிருந்து கிளம்பும் செரட்டோனின் தகவலை வாசலிலேயே நிறுத்திவிடும். போதை இல்லை, பிரமை இல்லை. 2003இல் அப்ரெபிடன்ட் வந்து, இரண்டாம் நாளுக்குப் பிறகு இழுக்கும் வாந்தியையும் பெருமளவு பிடித்தது. சிஸ்பிளாட்டினுக்கு வார்டே வாளியும் கையுமாக இருந்த காலம் மலையேறியது.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வாருங்கள். கஞ்சாச் சத்து வாந்தியை நிறுத்தும் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகள் எந்தக் காலத்தவை? 2015இல் காக்ரன் அமைப்பு 23 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. எல்லாம் 1975 முதல் 1991 வரை நடந்தவை. வெற்று மாத்திரையைவிடக் கஞ்சாச் சத்து மேல். புரோகுளோர்பெரசினோடு ஏறக்குறைய சமம். சான்றுகளின் தரமோ குறைவு. இன்றைய மருந்துகளோடு மோதிய ஆய்வு அந்தக் குவியலில் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன் ஜெயித்த பயில்வானின் பதக்கத்தை இன்றைய போட்டியில் காட்டினால் நடுவர் ஒத்துக்கொள்வாரா?

மோதவிட்ட ஓர் ஆய்வு 2007இல் வந்தது. சிறியது, 64 பேர். தாமதமாக வரும் வாந்தியில் ட்ரொனாபினாலுக்கு 54 சதவீதம் பலன், ஒன்டான்செட்ரானுக்கு 58, வெற்று மாத்திரைக்கு 20. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கூடும் என்றுதானே நினைப்போம்? 47தான்.

●

பக்கவிளைவு அதிகம், ஆனாலும் எனக்கு அதுவே வேண்டும்! 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 30 ஆய்வுகளை, 1,366 நோயாளிகளை ஒன்றாக எடைபோட்டது. தலைசுற்றல், பிரமை, சந்தேக புத்தி, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் கஞ்சாச் சத்துப் பக்கமே அதிகம். அவற்றால் பாதியில் விலகியவர்களும் அந்தப் பக்கமே அதிகம். அடுத்த கீமோவுக்கு எது வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான ஆய்வுகளில் கைதூக்கியதும் அதற்குத்தான். இது புதிர் போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாந்தியை எண்ணிவிடலாம், எத்தனை தடவை என்று நர்ஸ் சார்ட்டில் எழுதிவிடுவார். குமட்டலை யாரும் எண்ண முடியாது. நாள் முழுக்க நெஞ்சுக்குள் புரண்டுகொண்டிருப்பது நோயாளிக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் தூக்கமும் கொஞ்சம் மிதப்பும் அந்த நேரத்தில் அவருக்குப் பக்கவிளைவாகப் படாது.

●

கஞ்சாவே வாந்தியைக் கொண்டுவரும்! 2004இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதியிலிருந்து மருத்துவர்கள் ஒரு விநோத நோயை அறிவித்தார்கள். வருடக்கணக்காகத் தினமும் கஞ்சா புகைத்தவர்களுக்கு விடாமல் வாந்தி வருகிறது. ஒன்டான்செட்ரானுக்கும் அசைவதில்லை. வெந்நீரில் குளித்தால் மட்டும் நிற்கிறது. அதனால் நாளெல்லாம் ஷவருக்கு அடியிலேயே நிற்கிறார்கள். கஞ்சாவை நிறுத்தினால் நோய் போகிறது, திரும்பத் தொட்டால் திரும்புகிறது. இப்போது சில அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதற்கு மிளகாய்க் காரமான கேப்சைசின் களிம்பை வயிற்றில் தடவுகிறார்கள். வெந்நீரும் மிளகாயும் தூண்டுவது ஒரே வெப்ப ஏற்பியைத்தான்.

●

பொட்டலம் வாங்கிப் புகைக்கலாமே என்று நினைக்கும் கீமோ நோயாளிக்கு இன்னொரு ஆபத்து, பூஞ்சை. காய்ந்த இலையில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளரும். நல்ல உடம்புக்காரர் இழுத்தால் இருமலோடு போகலாம். கீமோவால் வெள்ளணுக்கள் விழுந்தவருக்கு நுரையீரல் தொற்றாகி உயிரையே எடுக்கும். 1986இலேயே இப்படியொரு நோயாளியைப் பற்றி எச்சரித்து எழுதிவிட்டார்கள். 2017இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் சட்டப்படி நடக்கும் கடைகளிலிருந்தே 20 மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் பாக்டீரியா, பூஞ்சை.

●

இன்றைய மருந்துகளை எல்லாம் கொடுத்த பிறகும் வாந்தி நிற்காதவர்களுக்கு? சரியான கேள்வியை ஒருவழியாகக் கேட்டது ஆஸ்திரேலியா. டாம்வர்த் ஊரைச் சேர்ந்த டான் ஹாஸ்லம் என்ற இளைஞர் குடல் புற்றுநோயோடு போராடியபோது கஞ்சாவால்தான் சாப்பிட முடிந்தது என்று அவரும் அவர் தாயும் வெளிப்படையாகப் பேசியது அங்கே பெரிய இயக்கமாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கியது. அவர் 2015 பிப்ரவரியில் இறந்தார்.

பீட்டர் கிரிமிசன் தலைமையில் நடந்த ஆய்வின் முழு முடிவு 2024இல் வந்தது. வழக்கமான மருந்துகளோடு கூடுதலாக, 2.5 மில்லிகிராம் டி.எச்.சி.யும் அதே அளவு சி.பி.டி.யும் சேர்ந்த கேப்சூலைக் கொடுத்தார்கள். மொத்தம் 147 பேர். வாந்தியும் இல்லாமல், கூடுதல் மருந்தும் தேவைப்படாமல் தப்பியவர்கள் வெற்று கேப்சூலில் 8 சதவீதம், கஞ்சாச் சத்தில் 24 சதவீதம். மூன்று மடங்கு என்று தலைப்புப் போடலாம். நான்கில் மூன்று பேருக்கு அதுவும் கேட்கவில்லை என்றும் போடலாம். இரண்டும் உண்மை.

●

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2019இல் சொன்னதும், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோ 2024இல் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் வழக்கமான மருந்துகளை ஒழுங்காகக் கொடுங்கள். அதற்கும் அடங்காத பெரியவர்களுக்கு, கூடுதலாகக் கஞ்சாச் சத்தை யோசிக்கலாம். ஆஸ்கோ இன்னொன்றும் சேர்த்தது. கஞ்சாவைப் புற்றுநோய்க்கே மருந்தாக, ஆராய்ச்சிக்கு வெளியே, யாரும் பயன்படுத்த வேண்டாம். 'கஞ்சா எண்ணெயில் கட்டி கரையும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கீமோவை விட்டவர்கள் உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

●

கடைசியாக, கஞ்சாவின் உண்மையான போட்டியாளர். அது மனநோய்க்குக் கொடுக்கும் ஒலான்ஸபின். ஒரே மாத்திரை செரட்டோனின், டோபமின் என்று பல ஏற்பிகளை ஒன்றாக அடைத்துவிடும். 2016இல் பெரிய ஆய்வு ஒன்று, குமட்டலையே அது கணிசமாகக் குறைப்பதாகக் காட்டியது. அன்று கொடுத்தது 10 மில்லிகிராம். நோயாளிகள் தூங்கி வழிந்தார்கள். மும்பை டாடா மெமோரியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2.5 மில்லிகிராம் போதுமா என்று பார்த்து 2024இல் லான்செட் ஆன்காலஜியில் வெளியிட்டார்கள். போதும். வாந்தித் தடுப்பில் குறைவில்லை, தூக்கமோ வெகுவாகக் குறைந்தது. எமிசெட்டுக்கு அடங்காத குமட்டல் என்றால், அடுத்த சைக்கிளுக்கு முன் உங்கள் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். உரிமமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். சீட்டு எழுதினால் தெருமுனை மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.